மத்தியானத்தில் பறக்காதவர்கள்

மார்லிஸ் ட்வெட் தன் விமானத்தைத் தானே கட்டினாள். விஸ்கான்சினில் எல்க் ரன் என்ற சிற்றூருக்கு அவள்தான் பல் டாக்டர். பகலெல்லாம் ஊராரின் கடைவாய்ப் பல்லைக் குடைவாள். சாயங்காலமானால் கார் கொட்டகைக்குள் நுழைந்து மரச்சட்டம் இழைப்பாள், ஒட்டுப்பலகை அறுப்பாள், இறக்கைக்குத் துணி போர்த்துவாள். எட்டு வருஷம் இப்படியே போயிற்று. அவள் கணவன் ரோலண்ட் மாட்டுத் தீவன வியாபாரி. அந்த எட்டு வருஷமும் தன் காரை மழையிலும் பனியிலும் வெளியே நிறுத்திவிட்டு, "கல்யாணத்தப்போ பாதிரியார் கேட்ட கேள்வியில இது வரவேயில்லையே" என்று அவ்வப்போது முனகுவானே தவிர, ஒரு நாளும் தடுத்ததில்லை.

அந்த ரக விமானத்துக்குக் கில்டீர் என்று பெயர். அமெரிக்க வயல்களில் கத்திக்கொண்டு ஓடும் ஆட்காட்டிக் குருவியின் பெயர் அது. இருவர் அமரலாம். புல்தரையில் இறங்கும், புல்தரையிலிருந்தே எழும்பும். வடிவமைத்தவர் ஸ்டென்ஸ்ருட் என்ற கிழவர். வரைபடங்களைச் சுருட்டித் தபாலில் அனுப்புவார். வாங்கியவர்கள் அங்கங்கே தங்கள் கொட்டகையில் உட்கார்ந்து கட்டிக்கொள்வார்கள். மார்லிஸ் வரைபடம் வாங்கிய மறு வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் சந்தேகம் கேட்க ஆளில்லை. அது கைபேசியும் கணினியும் வீட்டுக்கு வீடு வராத காலம். வேறு யார் யார் கில்டீர் கட்டினார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அவளுடைய கில்டீர் மஞ்சள் நிறம். பார்க்க லட்சணமாக இருந்தது; பறக்கவும் லட்சணமாகத்தான் பறந்தது. ஒரே ஒரு குறை. வெயில் நாளில் எங்காவது இறங்கி, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், என்ஜின் இருமும். திக்கும். ஒரு தடவை தரையிலேயே நின்றுபோனது. பெட்ரோல் குழாயின் இணைப்புகளைப் பற்றவைத்தது தன் கைதான் என்பதால், தவறும் தன் கையில்தான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். இரண்டு முறை குழாயைக் கழற்றி மறுபடி பற்றவைத்துப் பார்த்தாள். குறை போகவில்லை. கடைசியில் அதிகாலையில் மட்டும் பறப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டாள். கேட்டவர்களிடம், "காலை வெளிச்சத்துக்கு ஈடு உண்டா?" என்றாள். உண்மையை ரோலண்டிடம்கூடச் சொல்லவில்லை. பல் டாக்டரின் வேலையில் ஓட்டை என்றால் ஊர் என்ன பேசும்?

யார் பேசினாலும் பேசாவிட்டாலும் வெர்லின் குபிசெக் பேசுவார். எல்க் ரன்னிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவருக்குப் பால் பண்ணை. பண்ணையிலேயே நீளமான புல் ஓடுதளம். அந்த வட்டாரத்தில் இன்னொரு கில்டீர் இருந்தது என்றால் அது அவருடையதுதான், சிவப்பு நிறம். விமானக்காரர்கள் கூடி அப்பம் சுட்டுப் பரிமாறும் ஒரு வசந்தகாலத்து விருந்தில், தட்டை ஏந்தியபடி மார்லிஸின் மஞ்சள் விமானத்தைச் சுற்றி வந்துவிட்டு, பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டார்:

"ஏன் டாக்டரம்மா, இதுல ஏறினா இறங்குற வரைக்கும் வாயைத் தொறந்தே வெச்சிருக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸும் விடவில்லை. "உங்களுதுல ஏறினா முதல்ல பால் கறந்துட்டுத்தான் கிளப்பணுமாமே?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே ஒரு வேலி விழுந்துவிட்டது. பல் வலித்தாலும் வெர்லின் பக்கத்து ஊருக்குத்தான் காரை விடுவார் என்று கேள்வி.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மார்லிஸ் விடியற்காலையில் பறந்து போய்த் தன் பழைய கல்லூரித் தோழியின் ஊரில் இறங்கினாள். காலைக் காப்பி குடித்துவிட்டு உடனே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. தோழியோ செர்ரிப் பழப் பை சுட ஆரம்பித்துவிட்டாள். அது வெந்து, ஆறி, பேச்சும் முடிவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ரோலண்டின் அண்ணனுக்குத் திருமணநாள் விருந்து. காத்திருந்தால் விருந்து போய்விடும். ரோலண்ட் எட்டு வருஷம் காரை வெளியே நிறுத்தியவன்; அவன் அண்ணன் வீட்டு விருந்தையும் கோட்டைவிட அவளுக்கு மனம் வரவில்லை.

என்ஜினைக் கிளப்பினாள். ஓடியது. தரையிலேயே நிறுத்தி நிறுத்தி முறுக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் முழங்கியது. சரி என்று எழும்பினாள்.

மக்காச்சோளக் காடுகளைத் தாண்டி முதல் குன்றின் மேல் வரும்போது என்ஜின் ஒரு முறை இருமியது. பிறகு சரியாயிற்று. மறுபடி இருமியது. மூன்றாவது முறை இருமல் நிற்கவேயில்லை. முன்னால் விசிறி ஏனோதானோவென்று சுற்றியது. விமானம் இறங்கத் தொடங்கியது. பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை அவளுடையது, அப்போதும் நடுங்கவில்லை. இடப்பக்கம் பார்த்தாள். இரண்டு நீலத் தீவனக் கோபுரங்கள், ஒரு சிவப்புக் களஞ்சியம், பக்கத்தில் வகிடு எடுத்ததுபோல நீளமாக ஒரு புல் ஓடுதளம்.

'அய்யோ, இவர் வீடா?' என்றுதான் முதலில் தோன்றியது. விழப்போகும் நேரத்திலும் இப்படித் தோன்றியதை நினைத்து அவள் பின்னால் பல தடவை சிரித்திருக்கிறாள்.

ஓடுதளத்தின் முனையில் என்ஜின் முழுவதுமாக நின்றது. காற்று மட்டும் உஸ்ஸென்று கேட்டது. சக்கரம் புல்லில் பட்டு, ஒரு குதி குதித்து, ஓடி நின்றது. வேலிக்கு அப்பாலிருந்த பசுக்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

வெர்லின் டிராக்டரில் வந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கை, உறைந்த பச்சைப் பட்டாணிப் பை ஒன்றைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்திருந்தது. கன்னம் ஆப்பிள் பழம்போல் வீங்கியிருந்தது.

"அட, டாக்டரம்மா! வீட்டுக்கே வந்து வைத்தியம் பாக்குறீங்களா?"

"சும்மா இறங்கினேன். உங்க ஓடுதளம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு."

"விசிறியை நிறுத்திட்டா பாப்பாங்க?"

மார்லிஸ் இறங்கினாள். இறக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வெர்லின் அதைக் கவனித்தார். முகத்திலிருந்த கேலி மறைந்துவிட்டது. டிராக்டரிலிருந்து இறங்கி வந்து, என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டதும் எடுத்துக்கொண்டார்.

"எங்கேயோ நிறுத்தி வெச்சுட்டு மறுபடி கிளப்புனீங்களா?"

"ஆமா."

"வெயில்லயா?"

"ஆமா. ஏன்?"

அவர் வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "கொட்டகைக்கு வாங்க. ஒண்ணு காட்டுறேன். ஆனா வெளியில சொன்னீங்கன்னா உங்க விமானத்தை இங்கேயே மாட்டுக்குத் தொழுவமாக்கிடுவேன்" என்றார்.

கொட்டகையில் சிவப்புக் கில்டீர் நின்றது. அதன் மூக்கு மூடி திறந்திருந்தது. உள்ளே, பெட்ரோல் பம்பின் மேல், ஒரு பச்சைப் பட்டாணிப் பை நாடாவால் கட்டப்பட்டிருந்தது.

மார்லிஸ் பையைப் பார்த்தாள். வெர்லின் கன்னத்தைப் பார்த்தாள்.

"இது பல்லுக்கு இல்லையா?"

"பல்லுக்கு இன்னைக்குத்தான். பம்புக்கு நாலு வருஷமா" என்றார் வெர்லின். "எங்கேயாவது இறங்கினா, ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்து இதைக் கட்டிவிட்டுடுவேன். கிளம்புறப்போ அவுத்துக்குவேன். அப்பவும் மத்தியானத்துல எடுக்க மாட்டேன். கேக்குறவங்ககிட்ட பால் கறக்குற நேரம்னு சொல்லிடுவேன்."

"நான் காலை வெளிச்சம்னு சொல்லுவேன்."

"என் கைத்தப்புன்னு நெனச்சேன். பம்பை எங்கேயோ கோணலா வெச்சுட்டேன்னு."

"நான் என் பற்றவைப்புன்னு நெனச்சேன். ரெண்டு தடவை குழாயைக் கழட்டினேன்!"

"நான் மூணு தடவை!"

அவ்வளவுதான். மார்லிஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. வெர்லினுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கச் சிரிக்கப் பல் சுள்ளென்றது. "ஹா, அய்யோ, ஹா" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார். சத்தம் கேட்டு அவர் மனைவி பெர்னடின் ஓடி வந்தாள். என்ஜினுக்குள் பட்டாணிப் பையைக் கண்டதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"அடப் பாவி மனுசா! சமைக்கவும் இல்ல, திங்கவும் இல்ல, பட்டாணி மட்டும் உருகி உருகி உறைஞ்சு கல்லாக் கிடக்கேன்னு நாலு வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன். கடைக்காரன்கிட்டப் போய்ச் சண்டை போட்டேனே!"

சமையலறை வெளிச்சத்தில், ஒரு டார்ச்சும் கரண்டிக் காம்புமாக, மார்லிஸ் அவர் வாயைப் பார்த்தாள். பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை, வேருக்கு வைத்தியம் செய்தால் போதும், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்றாள். வாயைத் திறந்தபடியே வெர்லின் "ஆங்" என்றார். பெர்னடினுக்கு அது பிடித்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க டாக்டர். வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க."

வெயில் தாழ்ந்ததும் மார்லிஸ் பறந்து ஊர் போய்ச் சேர்ந்தாள். விருந்துக்குத் தாமதம்தான். எல்லாவற்றையும் காரிலேயே ரோலண்டிடம் சொன்னாள். அவன் காரை ஓரமாக நிறுத்தினான். பிறகு, "இனிமே எங்கிட்ட முதல்ல சொல்லு. என்ஜினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா உன்னைப் பத்திக் கவலைப்படத் தெரியும்" என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்றிரவு அவளுக்கு ஓர் எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கில்டீர்; இரண்டுக்கும் ஒரே நோய். அப்படியானால் மற்றவை? நாடு முழுக்க எத்தனை பேர் இப்படிக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டு தங்களையே திட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

திங்கட்கிழமை நாற்காலியில் சாய்ந்திருந்த வெர்லினிடம் கேட்டாள். ஊசி போட்ட பிறகு கேட்டதால் மறுத்துப் பேச அவரால் முடியவில்லை. விமானக்காரர்கள் படிக்கும் மாதப் பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் கொடுத்தார்கள்: 'கில்டீர் வைத்திருக்கிறீர்களா? மத்தியானத்தில் பறக்கத் தயங்குகிறீர்களா? கூப்பிடுங்கள்.' கீழே மார்லிஸின் தொலைபேசி எண்.

பத்திரிகை வந்த வாரமே மணி அடிக்க ஆரம்பித்தது. முதலில் பேசியவள் அயோவாவில் அழகு நிலையம் நடத்தும் லொரெட்டா வாஸ்கி.

"அம்மா தாயே, நீங்க யாருன்னு தெரியாது. ஆனா உங்க கால்ல விழணும். நான் சாயங்காலம் மட்டும்தான் பறப்பேன். அந்தி வானத்தைப் பாத்தா எனக்குக் கவிதை கவிதையா வருதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அந்த மனுஷன் பொறந்தநாளுக்குக் கவிதைப் புஸ்தகமா வாங்கிக் குடுக்கறாரு. ஒண்ணும் புரியல!"

இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நினைத்துப் பத்து பெட்ரோல் பங்க்குகளை மாற்றிப் பார்த்தவர். இன்னொருவர் என்ஜினையே மாற்றிவிட்டார்; புது என்ஜினும் இருமியது. மினசோட்டாவிலிருந்து எம்மெட் என்ற கிழவர் பேசினார். அவருடைய கில்டீர் பாதியில் நிற்கிறது. கைநடுக்கம் வந்துவிட்டது, இனி முடிக்கப்போவதில்லை, ஆனாலும் கட்டியவர்களின் குரலைக் கேட்க ஆசையாக இருந்தது என்றார். அவரோடு மார்லிஸ் வெகுநேரம் பேசினாள். ஒவ்வொருவரும் போனை வைக்குமுன் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நான் மட்டும்தான்னு நெனச்சேன்."

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் வெர்லினின் பண்ணையில் கூடுவது என்று பேசி முடித்தார்கள்.

அன்று பனி விலகுமுன்னே விமானங்கள் வரத் தொடங்கிவிட்டன. நீலம், வெள்ளை, பச்சைக் கோடு போட்டது என்று ஒவ்வொன்றாக இறங்கின. பெர்னடின் காலைக் காப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்குள் ஏழு கில்டீர் வரிசையில் நின்றன. எம்மெட்டைப் பேரன் காரில் அழைத்து வந்திருந்தான். அவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறியதும், இனி சாயங்காலம் வரை ஒருவரும் கிளம்ப முடியாது என்பதும் புரிந்தது.

"ஒரு வேளைக்குத்தானே கறி வாங்கிவெச்சேன்!" என்றாள் பெர்னடின்.

"நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கிறோம். எந்த ஜெயில்லயும் இவ்வளவு நல்ல காப்பி கிடைக்காது" என்றாள் லொரெட்டா.

அப்படி அடைபட்டதுதான் நல்லதாயிற்று. அவசரமாகப் போக யாருக்கும் வழியில்லை. ஒருவர் விமானத்தை ஒருவர் திறந்து பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள், அடியில் படுத்துப் பார்த்தார்கள். லொரெட்டா தன் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி மழையில் ஒழுகாமல் இருக்க ஒரு ரப்பர்ப் பட்டை வைத்திருந்தாள்; மற்ற ஆறு பேரும் இதுவரை மழையில் நனைந்தவர்கள். வால் சக்கரம் உதறாமலிருக்க வெர்லின் சின்னச் சுருள்வில் ஒன்றை மாட்டியிருந்தார். அதைப் பார்த்த ஒருவர் கிட்டத்தட்ட அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். எம்மெட் ஒவ்வொரு இறக்கையையும் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். மார்லிஸின் மஞ்சள் இறக்கைக்கு வந்ததும் நின்று, மறுபடி தட்டி, "இது யார் துணி போர்த்தினது?" என்றார்.

"நான்தாங்க."

"மத்தளம் மாதிரி பேசுதும்மா" என்றார் அவர். விருந்தில் அந்த விமானத்தைக் கேலி செய்த வெர்லின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் காது சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மரத்தடியில் பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சிக் குழல் வெந்துகொண்டிருக்கும்போது, சங்கம் ஒன்று ஆரம்பிக்கலாமே என்று மார்லிஸ் பேச்செடுத்தாள். வெர்லினுக்குச் சுருக்கென்றது.

"சங்கமா? அப்புறம் தலைவர், செயலாளர், தீர்மானம், கையைத் தூக்கு, கையை இறக்கு. எனக்கு நாப்பது மாடு இருக்கு. அதுங்க பண்ற கூட்டமே போதும்."

"சரி, அப்போ உங்க வால் சக்கரத்துச் சுருள்வில்லைக் கழட்டிப் பைக்குள்ள வெச்சுக்கங்க. நாங்க யாரும் பாக்கலை" என்றாள் லொரெட்டா.

"அது எப்படி? பாத்துட்டீங்களே."

"பாத்துட்டோம்ல? அதுக்குப் பேருதான் சங்கம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். வெர்லின் இன்னொரு பிராட்வர்ஸ்டை எடுத்துக் கடித்தார். ஆனாலும் பெரிய சிக்கல் அப்படியேதான் இருந்தது. ஏழு பேர் ஏழு விதமாக முயன்றிருந்தார்கள். ஒருவர் குழாய்க்குத் துணி சுற்றியிருந்தார், ஒருவர் மூடியில் ஓட்டை போட்டிருந்தார். எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. பேச்சு மெல்ல ஓய்ந்தது. நிழல் காலடியில் சுருண்டுவிட்டது. நல்ல உச்சி வெயில்.

அப்போதுதான் மேற்கே ஒரு சத்தம் கேட்டது.

எட்டாவது கில்டீர். வெள்ளை நிறம். சீராக, ஒரு இருமலும் இல்லாமல் முழங்கிக்கொண்டு வந்து, வட்டமடித்து, புல்லில் பூப்போல இறங்கியது. மரத்தடியிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கையில் பாதி கடித்த பிராட்வர்ஸ்ட் அப்படியே இருந்தது.

உள்ளிருந்து ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் பாதிரியார் பட்டையோடு ஒருவர் இறங்கினார்.

"மன்னிக்கணும், காலையில ஒரு அடக்கம் இருந்துச்சு. நான் இங்வால்ட் மோ. வடக்கு டகோட்டா. அதிக நேரம் இருக்க முடியாது. போற வழியில பெட்ரோல் போட்டுக்கிட்டு, சாயங்காலம் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேரணும்." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"பாஸ்டர்," என்றார் வெர்லின் மெதுவாக, "நீங்க மத்தியானத்துலயா வந்தீங்க?"

"எனக்கு மூணு சபை. நடுவுல அம்பது, அறுபது மைல். காலை ஆராதனை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகணும்னா மத்தியானம்தானே நேரம்?"

"வழியில எங்கேயும் நிறுத்தலையா?"

"ரெண்டு இடத்துல நிறுத்தினேன்."

"கிளப்புறப்போ இருமலையா?"

"எது?"

மார்லிஸ் அதற்குள் விமானத்தின் பக்கத்தில் போய்விட்டாள். "பாஸ்டர், தொறந்து பாக்கலாமா?"

பாதிரியாரின் முகம் வாடிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினார். "அதுக்குத்தாம்மா வந்தேன். பாவ மன்னிப்பு கேக்கணும்னு. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். என்ஜின் பக்கத்து வரைபடம் முன்னாலேர்ந்து பாத்த மாதிரி வரைஞ்சிருக்கு. நான் பைலட் சீட்லேர்ந்து பாக்குறதா நெனச்சுக்கிட்டேன். பம்பையும் பெட்ரோல் குழாயையும் இடம் வலம் மாத்திக் கட்டிட்டேன். பம்பு தப்பான பக்கத்துல இருக்கு; அங்கே மேலே இடம் இல்லாம கீழே வெச்சுட்டேன். சோதிக்க வந்தவரும் கவனிக்கல, நானும் வாயைத் தொறக்கல. பன்னண்டு வருஷமா மனசு குத்துது. எப்படிச் சரி பண்றதுன்னு உங்க யாருக்காவது தெரியுமா?"

மார்லிஸ் மூடியைத் திறந்தாள். எட்டுத் தலைகள் உள்ளே நுழைந்தன. வரைபடத்தின்படி பம்பு இருக்க வேண்டிய இடம் வலப்பக்கம், புகைக்குழாயின் தோளருகே. நெருப்பாய்க் கொதிக்கும் இடம் அது. என்ஜின் நின்றதும் பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். குமிழியைக் குடித்து எந்த என்ஜின் ஓடும்? பாதிரியாரின் பம்போ இடப்பக்கம், கீழே, வெளிக்காற்று நேராக வந்து மோதும் இடத்தில் இருந்தது. மார்லிஸ் விரலால் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு தூரம் பறந்து வந்த பிறகும் அது தொடுகிற சூட்டில்தான் இருந்தது.

அவள் தலையை வெளியே எடுத்தாள். "பாஸ்டர், நீங்க ஒருத்தர்தான் சரியாக் கட்டியிருக்கீங்க."

"ஆனா வரைபடம்..."

"வரைபடம்தான் தப்பு!"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எம்மெட்டாக இருக்கலாம். அடுத்த நொடி புல்வெளி முழுக்கச் சிரிப்பு. லொரெட்டா தரையில் உட்கார்ந்தே விட்டாள். பாதிரியார் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. வெர்லின் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர், இந்தப் பாவத்தை மட்டும் மன்னிக்க முடியாது. எங்க ஏழு பேருக்கும் அதே பாவத்தைப் பண்ணிக் குடுங்க!"

சங்கம் அங்கேயே பிறந்தது. கூட்டம் பிடிக்காத வெர்லினையே தலைவராக்கினார்கள்; அவர் வேண்டாம் என்று கையைத் தூக்கியதை, ஆதரவுக்குத் தூக்கியதாக லொரெட்டா எண்ணிவிட்டாள். விதி ஒன்றே ஒன்றுதான். அதை மார்லிஸ் சொன்னாள்: யாரும் தன் விமானத்தின் குறையை மறைக்கக் கூடாது.

ஆனால் சிரித்த வேகத்தில் யாரும் ஸ்பேனரை எடுத்துவிடவில்லை. முதலில் மார்லிஸின் விமானத்தில் மட்டும் பம்பை இடம் மாற்றினார்கள். வெர்லின் திருகினார், அவள் புதுக் குழாய் வளைத்துப் பற்றவைத்தாள். கொளுத்தும் வெயிலில் தரையில் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு ஓடுதளத்தின் மேலேயே வட்டமடித்தாள். ஒவ்வொரு முறை அவள் இறங்கும்போதும் வெர்லின் வேலியோரம் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். "மாடு மேயுதான்னு பாக்க வந்தேன்" என்பார். மாடுகள் அந்தப் பக்கமே இல்லை.

அடுத்து மற்றவர்களுக்கும் மாற்றினார்கள். ஒரு வேலை முடிந்ததும் இன்னொரு வேலை முளைத்தது. கண்ணாடி மூடிக்கு ஒருவர் அச்சு செய்தார். விரிசல் விட்டவர்களெல்லாம் அதில் வார்த்துக்கொண்டார்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்த காப்பீட்டுக்காரர்கள், எட்டுப் பேர் தங்கள் பராமரிப்புக் கணக்கோடு ஒன்றாகப் போய் உட்கார்ந்ததும் நாற்காலி போட்டார்கள். இலையுதிர்காலத்தில் மினசோட்டாவுக்குக் கூட்டமாய்க் காரில் போய், எம்மெட்டின் கொட்டகையில் நான்கு வார இறுதிகள் வேலை செய்தார்கள். கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஆணியை அடிக்காதே! பசைக்கு மரியாதை குடு!" இறக்கைக்குத் துணி போர்த்தும் வேலையை மட்டும் மார்லிஸைத் தவிர யாரையும் தொட விடவில்லை.

அதற்கு முன்னே, செப்டம்பரின் கடைசி ஞாயிறு வந்தது. பாதிரியார் மோவின் சபையில் அறுவடை விருந்து. ஆராதனை முடியும் நேரத்துக்கு எல்லாக் கில்டீர்களும் வந்து இறங்க வேண்டும் என்று அழைத்திருந்தார். அதாவது மத்தியானம்.

வெர்லினின் பண்ணையிலிருந்து மார்லிஸும் அவரும் சேர்ந்து கிளம்பினார்கள். ரோலண்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்; மடியில் ஒரு பெரிய பாத்திரம் உருளைக்கிழங்குச் சாலட். வழியில் ஓர் இடத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வெயில் உச்சிக்கு ஏறியபோது மறுபடி கிளப்பினார்கள். அவள் கை விசையில் இருந்தது; காது முழுக்க என்ஜினில் இருந்தது. அது முழங்கியது. முழங்கிக்கொண்டே மேலே ஏறியது.

எத்தனையோ வருஷமாகப் பறந்தும், நடுப்பகலில் அந்த நிலத்தை அவள் மேலிருந்து பார்த்ததே இல்லை. காலையில் எல்லாவற்றுக்கும் நீளநீளமாய் நிழல் இருக்கும். இப்போது ஒவ்வொரு மரமும் தன் நிழலைப் பாவாடைபோலக் காலடியில் விரித்து வைத்திருந்தது. அறுத்த கோதுமைக் காடுகள் மஞ்சளாய்க் கண்ணைக் கூசவைத்தன. வெப்பக்காற்று எழும்பி இறக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்திலேயே இரண்டு பருந்துகள் அதே காற்றில் சிறகசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"சாலட் சிந்தப்போவுது!" என்று ரோலண்ட் கத்தினான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று அவளும் கத்தினாள். ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் அவனும் சிரித்தான்.

தூரத்தில் வெள்ளைக் கோயில் கோபுரம் தெரிந்தது. பக்கத்து அரிதாள் வயலில் ஒரு பாதையை மட்டும் சமன் செய்து, ஓரமாய்ப் படுக்கை விரிப்புகளைக் கட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து லொரெட்டாவின் நீல விமானம் வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொன்று. கோயில் கதவு திறந்து சபையார் வெளியே கொட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு பெண்கள் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். பாதிரியார் அங்கியோடு வயலுக்குள் ஓடி வந்து, இரண்டு கையையும் வீசி, இறங்கு, இறங்கு என்றார்.

வெர்லினின் சிவப்பு விமானம் முதலில் இறங்க வேண்டியது. அது ஓடுதளத்துக்கு நேராக வந்துவிட்டு, சட்டென்று ஒதுங்கி மேலே ஏறியது. வானொலியில் அவர் குரல் கரகரத்தது.

"டாக்டரம்மா, நீங்க முன்னால போங்க."

"ஏன்? என்ஜின் ஏதாவது...?"

"என்ஜின் ஜம்முனு இருக்கு. இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வரேன். இவ்வளவு வெயில்ல பறந்து எனக்குப் பழக்கமே இல்லையா, ஆசை தீரலை."

மார்லிஸ் மூக்கைத் தாழ்த்தினாள். சக்கரம் அரிதாளில் சரசரத்தது. ரோலண்ட் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்; ஒரு துண்டுகூடச் சிந்தவில்லை. வயலோரத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.